மகுடம் காயும் நேரம்

கச்சேரி எத்தனை மணிக்கு என்று கேட்பவர்கள் ஒரு ரகம். பாட வரும் செட்டு எத்தனை மணிக்கு வந்து இறங்கும் என்று கேட்பவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது. கொடைக்கு வரும் வில்லுப்பாட்டானாலும் சரி, பெங்களூரில் பார்த்த அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து ராக் குழு ஆனாலும் சரி, பாட்டு தொடங்குவதற்கு முந்தின அந்த மூன்று நான்கு மணி நேரம்தான் எனக்கு முக்கியம். பாட்டைக் கேசட்டில் கேட்டோம், இப்போது போனில் கேட்கிறோம். பாடுகிறவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடுவதையும், "மைக்க எவம்ல இங்கன நட்டு வச்சது" என்று சலித்துக்கொள்வதையும் எந்தப் போனிலும் கேட்க முடியாது.

ராக் ரசிகர்கள் ஓட்டல் வாசலில் தவம் கிடப்பது, மேடையின் பின்வாசலில் நிற்பது, சட்டையைக் கழற்றிக் கையெழுத்துக்கு நீட்டுவது இதையெல்லாம் நிறையப் படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றும். என்ன குறைகிறது என்பது பின்னால்தான் பிடிபட்டது. அங்கே காத்திருக்கிறவனுக்கு வேலை கிடையாது. எங்கள் ஊரில் உண்டு.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். நெல்லைச் சீமையில் ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் விழாவுக்குக் கொடை என்று பெயர். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் என்று ஊருக்கு ஊர் சாமி மாறும். வரி பிரிப்பதும், கால்நாட்டுவதும், முதல் நாள் ராத்திரி குடியழைப்பும், மறுநாள் மதியக் கொடையும், நடுராத்திரி சாமக் கொடையும் பெரும்பாலும் ஒன்றுதான். அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்ச் சுடலைக்குக் கொடை சித்திரையில். பிசான நெல் அறுத்து, களத்து வேலை முடிந்து, கையில் நாலு காசு இருக்கிற மாசம். எல்லார் வீட்டுத் தொழுவத்தை ஒட்டியும் புது வைக்கோல் படப்பு நிற்கிற மாசம். இந்தப் படப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்வரிசை வாங்கிக் கொடுத்தது அதுதான்.

கொடை நோட்டீஸ் அச்சாகி வந்ததும் சாமி பேரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நேரே கீழே போய்விடுவோம். வில்லிசை யார், மகுடம் அடித்துச் சாமி கதை பாடி ஆடும் கணியான் கூத்து யார், நையாண்டி மேளம் எந்த ஊர் செட்டு, மறுநாள் ராத்திரி இன்னிசை யார். எழுத்து எவ்வளவு தடிமன் என்று பார்ப்போம். பாட்டை நடத்துகிற தலைவருக்கு அண்ணாவி என்று பெயர்; ஒரு அண்ணாவிக்கு எங்கள் தெருவில் ஆள் இருந்தால், இன்னொரு அண்ணாவிக்குக் கீழத்தெருவில் ஆள் இருக்கும். சுடலை கதையில் மயானக் கட்டத்தை யார் பாடினால் ஆள் ஆடும், யார் பாடினால் சும்மா நிற்கும் என்று டீக்கடையில் வாய்ச்சண்டை நடக்கும். வில்லுக்கென்றே கொடைக்குக் கொடை சைக்கிளில் போகிறவர்கள் இருந்தார்கள். பாட்டு தொடங்கிப் பாதியில் வந்து நிற்பவரை அவர்கள் ரசிகராகவே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் வீடு கோயில் மைதானத்துக்கு அடுத்த வளவு. கணியான் செட்டு மதியத்துக்கு மேல் வந்து இறங்கி, புளியமரத்தடியில் பெட்டியை வைத்துவிட்டு முதலில் கேட்பது தண்ணீர், இரண்டாவது கேட்பது வைக்கோல்.

மகுடம் என்பது வட்ட மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய வாத்தியம். செட்டுக்கு இரண்டு. ஒன்று உச்சம், ஒன்று மந்தம். உச்சம் கணீரென்று மேலே நிற்கும், மந்தம் அடியில் கிடந்து முழங்கும். ஆற்றங்கரை ஊர் என்பதால் சாயங்காலம் ஈரக்காற்று அடிக்கும். அது பட்டால் தோல் தொய்ந்துவிடும். தொய்ந்த தோலில் அடித்தால் தொப் தொப் என்று கேட்கும், சாமி வராது. அதனால் தீயில் காட்டிக் காய்ச்ச வேண்டும். விறகுத் தீ கூடாது. அதில் கங்கு கிடந்து சூடு ஏறிக்கொண்டே போகும், தோல் பொசுங்கிவிடும். வைக்கோல் என்றால் குப்பென்று பிடித்துச் சட்டென்று அடங்கும். சூடு கூடுவதும் குறைவதும் போடுகிறவர் கையில் இருக்கிறது.

அந்தக் கை என் கை. படப்பிலிருந்து உருவி, பாவாடையில் அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் குந்திக்கொள்வேன். "தாயி, அம்புட்டையும் ஒண்ணாப் போட்டிராத. ஒரு பிடி, ஒரு பிடியாப் போடு" என்பார் அண்ணாவி. மகுடத்தைத் தீக்கு மேலே சாய்த்துப் பிடித்து, சுற்றிக்கொண்டே, நடுவிரலால் ஓரத்தில் தட்டிப் பார்ப்பார். காதைக் கொடுப்பார். மறுபடியும் ஒரு பிடி. தொப் என்று இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி டங் என்று நிற்கும். அப்புறம் மந்தத்தை வைத்திருப்பவர் அடிப்பார், இவர் அடிப்பார், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இல்லை என்று தலையசைப்பு. இன்னொரு பிடி. சுருதி என்றால் என்ன என்று எனக்கு எந்தப் பாட்டு வாத்தியாரும் சொல்லித்தந்ததில்லை. புளியமரத்தடியில் புகை கண்ணில் ஏற, சேர்ந்த சத்தத்துக்கும் சேராத சத்தத்துக்கும் வித்தியாசம் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பக்கம் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் வேஷம் கட்டிக்கொண்டிருப்பார்கள். கணியான் கூத்தில் ஆண்கள்தான் பெண் வேஷம் போட்டு ஆடுவார்கள். சவரம் செய்த தாடையில் அரிதாரத்தை அப்பி, சவுரி வைத்து, காலில் சலங்கை கட்டுகிற வரைக்கும் வாயில் பீடி இருக்கும். ஒரு தடவை அதில் ஒருவர் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "தாயி, ஊக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்றார். என் பாவாடையில் குத்தியிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அன்று ராத்திரி அவர் சுற்றிச் சுற்றி ஆட, ஊர் முழுக்க அவர் காலைப் பார்க்க, நான் ஒருத்தி மட்டும் அவர் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையால் என் பாவாடையையும் பிடித்துக்கொண்டு.

சாமக் கொடையில் கைவெட்டு என்று ஒரு சடங்கு உண்டு. கணியான் தன் கையைக் கீறிச் சாமிக்கு ரத்தம் கொடுப்பார். பெரியவர்கள் எங்கள் கண்ணைப் பொத்துவார்கள். விரல் இடுக்கில் பார்த்தபோது, சாயங்காலம் மகுடத்தைத் தட்டிக் காதைக் கொடுத்த அதே கை. மற்றப் பிள்ளைகள் சாமியைக் கண்டு பயந்தார்கள். எனக்கு அந்தக் கை வலிக்குமே என்றிருந்தது. முன்னால் போய் நின்று பழகியதற்கு இதுவும் சேர்த்துத்தான் விலை.

வில்லு கட்டுவது அடுத்த வேடிக்கை. ஆள் நீளத்தை விடப் பெரிய வில், அதில் வரிசையாக மணிகள், நாண் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வளைத்துப் பிடிக்க ஒருவர் முடிச்சுப் போடுவார். பிடிக்கிற வேலைக்கு எங்கள் தெருப் பையன்களுக்குள் அடிதடி. குடத்தைப் பழைய சேலையில் சுற்றி, காரில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். அதை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். வலது பக்கம் உட்கார்ந்து கதையை நடத்துகிறவர் தொண்டைக்கு எதையோ மென்றுகொண்டு ஒதுங்கி இருப்பார்; இடது பக்கம் பின்பாட்டுப் பாடி ஆமாம் போடுகிறவர்தான் ஊர்க்கதை எல்லாம் கேட்டு வைத்துக்கொள்வார். "மழை உண்டுமா? நெல்லு என்ன விலை போச்சு? தர்மகர்த்தா யாரு, அவருக்குப் பிள்ளைய எத்தன?" கேட்டதெல்லாம் ராத்திரி பாட்டுக்கு நடுவில் வரும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் கதைக்குள் வந்து விழுந்ததும் கூட்டம் கொந்தளிக்கும். நாங்கள் சொன்னதுதான் அது என்று எங்களுக்கு மட்டும் தெரியும்.

இந்த வில்லை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் சென்னை மேடைகளுக்கும் கொண்டுபோனவர் நெல்லைப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2022இல் காலமானார். அவர் பெயரைச் சொல்லாமல் வில்லைப் பற்றி எழுதினால் எங்கள் ஊரில் சோறு கிடைக்காது. ஆனாலும் எனக்கு, கொடையில் சாமியைப் பார்த்து உட்கார்ந்து விடிய விடியப் பாடுகிற வில்லுதான் வில்லு. கெடிகாரத்தைப் பார்த்துப் பாடுவது வேறு.

மறுநாள் இன்னிசைக் கச்சேரிக்கு வரும் பாடகிகளுக்கு உடை மாற்ற இடம் எங்கள் வீடு. பெண் பிள்ளைகள் மேடைப் பக்கம் போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த காலம் அது. ஆனால் பாடகியே எங்கள் அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காபி குடிக்கும்போது யார் என்ன சொல்ல முடியும்? புறவாசல் வழியாகத் தெருவே வந்து நிற்கும். என் அக்காவின் கண்ணாடி முன்னால் ஒருவர் பொட்டு வைத்துக்கொண்டே அன்றைக்குப் பாட வேண்டிய மேல்ஸ்தாயி வரியை மெல்ல முனகிப் பார்த்ததை நான் கதவு இடுக்கில் கேட்டிருக்கிறேன். மேடையில் அந்த வரி வந்தபோது கைதட்டிய கூட்டத்துக்கு அது எவ்வளவு சிரமம் என்று தெரியாது. முனகும்போது அந்த இடத்தில் குரல் உடைந்தது, மூன்றாம் முறை நின்றது, அப்புறம்தான் எழுந்து வளையல் போட்டார்.

என் அப்பா வரி பிரிக்கிறவர்களில் ஒருவர். இன்னிசைக் குழுவோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தத் தாளை வீட்டில் வைத்திருப்பார். மேடை இத்தனை அடி, ஜெனரேட்டர் டீசல் ஊர்ப் பொறுப்பு, ராத்திரிச் சாப்பாடு, பெண்களுக்குத் தனி வீடு, பாடுகிறவர்களுக்கு வெந்நீர். மேனேஜர் வண்டியிலிருந்து இறங்கியதும் "வெந்நி ரெடியா அண்ணாச்சி?" என்றுதான் கேட்பார். பல வருஷம் கழித்து அமெரிக்காவின் வான் ஹேலன் குழுவைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. 1980களின் தொடக்கத்தில் அவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: கலைஞர்கள் அறையில் எம் அண்ட் எம் மிட்டாய்க் கிண்ணம் வேண்டும், அதில் பழுப்பு நிற மிட்டாய் ஒன்றுகூட இருக்கக் கூடாது. திமிர் என்றுதான் உலகம் பேசியது. பாடகர் டேவிட் லீ ராத் பின்னால் காரணம் சொன்னார்: மேடை எவ்வளவு எடை தாங்க வேண்டும், மின்சாரம் எவ்வளவு வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிற ஒப்பந்தத்தை உள்ளூர்க்காரர்கள் முழுசாகப் படித்தார்களா என்று பார்க்கத்தான் அது. பழுப்பு மிட்டாய் கண்ணில் பட்டால் எல்லாவற்றையும் மறுபடி சோதிப்பார்களாம். எங்கள் மேனேஜரும் வெந்நீர் இல்லை என்றால் பேசாமல் ஜெனரேட்டர் பக்கம்தான் நடப்பார்.

இதுவரைக்கும் படித்தவர்களுக்கு எங்கள் ஊர் விருந்தோம்பல் பெரிய தங்கம் என்று தோன்றியிருக்கும். முழுசும் அப்படி இல்லை. இன்னிசைக்கு வந்தவர்களுக்கு வீட்டுப் பட்டாசாலையில் இலை. வில்லுக்காரர்களில் யார் யார் என்று பார்த்து இலை. கணியான் செட்டுக்குப் புளியமரத்தடியில் இலை. சாமி இறங்குவது அவர்கள் அடிக்குத்தான். சாமி மலையேறிய பிறகு அவர்கள் வீட்டுப் படி ஏறக் கூடாது. நான் வைக்கோல் கொண்டுபோகலாம், பக்கத்தில் குந்தலாம், அவர்கள் சாப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. ஆச்சியிடம் ஏன் என்று கேட்டதற்கு, "வாய மூடிட்டுப் போ பிள்ள" என்பதுதான் பதில். வேலி இல்லாத மைதானம் என்று நான் பெருமையாகச் சொல்லும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வேலி இருந்தது. இப்போது எங்கள் வீட்டில் அது இல்லை. ஊரில் சுத்தமாக இல்லை என்று என்னால் எழுத முடியாது.

தாத்தா காலத்து ரசிகர்கள் இன்னும் தீவிரம். எங்களுக்குப் பக்கத்து ஊர்தான் காருகுறிச்சி. அருணாசலம் நாதசுரத்தை 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் நாடே கேட்டது. தாத்தா அதற்கு வெகு முன்னாலேயே கோயில் கோயிலாகக் கேட்டவர். வாசிப்பைப் பற்றி அவர் பேசியதை விட, நாதசுரத்தின் வாயில் செருகி ஊதும் சீவாளியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். வாசிப்பதற்கு முன்னால் சீவாளியை எச்சிலில் ஊறவைத்து, எடுத்துப் பார்த்து, அமுக்கி, பீப்பென்று தனியாக ஊதிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் அடுத்ததை எடுப்பது. "அந்தப் பீப்புலயே தெரிஞ்சிரும்ல இன்னைக்கு எப்படின்னு." 1964இல் அவர் இறந்தபோது தாத்தா ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்று ஆச்சி சொல்வாள். கிட்டப் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கிறாரா என்று கேட்டால், "பேசுறதுக்கு என்ன இருக்கு, ஒரு தடவ விசிறி வீசினேன்" என்பார். அவருக்கு அது போதும்.

இப்படி வளர்ந்த நாங்கள் ராக் கேட்க ஆரம்பித்தது அண்ணனால். பாளையங்கோட்டையில் படித்தபோது அவனுக்குக் கிடார் பிடிக்கிற கூட்டாளிகள் கிடைத்தார்கள். பெரும்பாலும் சபைப் பாடகர் குழுவில் கற்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீர்த்தனை, சாயங்காலம் மொட்டை மாடியில் மெய்டன். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு ஏற்றி ஏற்றிச் சிம்பல் சத்தம் தேய்ந்துபோன பிரதிகள். மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிக்கும் பேஸ் கிடார் குதிரைப் பாய்ச்சலாக வரும் இடத்தில் எனக்கு உடனே புரிந்தது, இது மந்தம் இருக்க வேண்டிய இடம், இந்த ஆள் உச்சம் அடிக்கிறார் என்று.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் அரண்மனை மைதானம். அயர்ன் மெய்டன் இந்தியாவில் வாசித்த முதல் கச்சேரி. நான் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தேன். அண்ணனும் கூட்டாளிகளும் நெல்லையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். எல்லாரும் கறுப்புச் சட்டை. ஒருவன் கையில் மட்டும் மஞ்சள் பை. உள்ளே, முதல் நாள் சாயங்காலம் இருட்டுக்கடையில் வரிசையில் நின்று வாங்கிய அல்வா.

"இது எதுக்குல?"

"ஸ்டீவ் ஹாரிசுக்கு. நம்ம ஊருப் பக்கத்துக்கு மொதத் தடவ வாராவ, வெறுங்கையோட பாக்க முடியுமா?"

மத்தியானத்திலிருந்து வரிசை. மார்ச் வெயில். எங்களுக்கு முன்னால் நாகாலாந்திலிருந்து நாட்கணக்கில் ரயிலில் வந்த பையன்கள், பின்னால் கேரளத்துக் கூட்டம். உள்ளே வந்துவிட்டார்கள், இல்லை இன்னும் ஓட்டலில்தான் இருக்கிறார்கள் என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வதந்தி. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து டிரம்மை ஒருவர் ஒற்றை ஒற்றையாக அடித்துச் சோதிப்பது கேட்டது. தும். தும். இடைவெளி. தும். கூட்டம் ஒவ்வொரு அடிக்கும் கூச்சல் போட்டது. என் கை பரபரத்தது. அங்கே யாரோ ஒருவர் தோலை இறுக்கிக்கொண்டிருக்கிறார், அவருக்கு என்னிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை. அதுதான் எனக்குப் புதுசு.

வாசலில் பையைச் சோதித்தவர்கள் சாப்பாட்டுச் சாமான் உள்ளே போகாது என்றார்கள். அண்ணனின் கூட்டாளி அரைகுறை இந்தியில் இது யாருக்கு என்று விளக்கிப் பார்த்தான். சோதித்தவர் பையைத் திறந்து நெய் வாசனையைப் பிடித்துவிட்டுச் சிரித்தார், ஆனால் விடவில்லை. வரிசையை விட்டு ஓரமாக நின்று பொட்டலத்தைப் பிரித்தோம். நாகாலாந்துப் பையன்களைக் கூப்பிட்டோம். விரலில் ஒட்டியதை எப்படித் துடைப்பது என்று தெரியாமல் அவர்கள் முழித்ததும், சோதனைக்காரரே கடைசியில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டதும்தான் அந்த நாளில் எனக்கு மிக நன்றாக நினைவிருக்கிறது. அவர்களில் ஒருவன் பதிலுக்குக் கொடுத்த, கிடார் கம்பியை மீட்டும் பிக் இன்னும் அண்ணனிடம் இருக்கிறது.

முதலில் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் பாடினாள், டெல்லியின் பரிக்ரமா குழு வாசித்தார்கள். பரிக்ரமாவுக்கு அந்த மேடை அதிர்ஷ்டம். அதே வருஷம் இங்கிலாந்தின் டவுன்லோடு ராக் விழாவில் வாசித்தார்கள். பிறகு ஒலிபெருக்கியில் யுஎஃப்ஓ குழுவின் பழைய பாட்டு ஒன்று போட்டார்கள். மெய்டன் ரசிகர்களுக்குத் தெரியும்: அது முடிந்தால் விளக்கு அணையும். தெரிந்தவர்கள் கத்த, தெரியாதவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வில்லில் முதல் அடி விழுவதற்கு முன்னால் அண்ணாவி தொண்டையைச் செருமுவது எங்களுக்கு என்னவோ, அதுவேதான்.

கச்சேரி பிரமாதம். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மறு வருஷம், 2008 பிப்ரவரி 1ஆம் தேதி மும்பையில் தொடங்கிய உலகச் சுற்றுக்கு அவர்கள் சொந்தப் பெயர் எழுதிய போயிங் 757இல் வந்தார்கள். ஓட்டி வந்தது பாடகர் புரூஸ் டிக்கின்சனே. உலகம் வாய் பிளந்தது. எங்கள் ஊருக்கு வரும் நையாண்டி மேள செட்டில் பம்பைக்காரர்தான் வேன் ஓட்டுவார், கும்பாட்டக்காரர் கியர் பெட்டி சரிபார்ப்பார். எங்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை.

காத்திருக்கும் கூட்டம் கெட்டுப்போவதும் உண்டு. 2011 அக்டோபரில் மெட்டாலிகா குர்கானில் வாசிக்க வேண்டிய அன்று மேடைக்கு முன்னாலிருந்த தடுப்பில் கோளாறு. நாளைக்கு என்றார்கள், பிறகு ரத்து என்றார்கள். கூட்டம் மேடை ஏறிச் சாமான்களை உடைத்தது. இரண்டு நாள் கழித்துப் பெங்களூரில் அதே குழு அழகாக வாசித்துவிட்டுப் போனது. உடைத்தவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பகல் முழுக்க வெயிலில் நிறுத்திவைத்து, உன்னால் எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, டிக்கெட்டைக் காட்டிவிட்டுச் சும்மா நில் என்று சொல்லப்பட்ட கூட்டம் அது. கொடையில் ஜெனரேட்டர் நின்றுபோய் இரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். ஒருவர் மேடையைத் தொட்டதில்லை. அந்த மேடைக்குக் கம்பு நட்டவர்களே பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது இந்தத் தவிப்பையும் விலைக்கு விற்கிறார்கள். அண்ணன் மகன் போன வருஷம் மும்பை போய், டிக்கெட்டை விட அதிகமாக இன்னொரு தொகை கட்டி, தனக்குப் பிடித்த குழுவைச் 'சந்தித்து' வந்தான். முன்கூட்டியே மின்னஞ்சலில் விதிகள் வந்திருந்தன. போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும். கையெழுத்து கேட்கக் கூடாது. கட்டிப்பிடிக்கக் கூடாது. படம் அவர்களே எடுப்பார்கள். வரிசை நகர்ந்து இவன் முறை வந்தபோது கிடார்க்காரர் "எப்படி இருக்கே நண்பா" என்றாராம், இவன் "நல்லா இருக்கேன்" என்றானாம், அதற்குள் பளிச்சென்று விளக்கு. படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். இவன் கண்ணை மூடியிருக்கிறான்.

"அவருகிட்ட எந்த கேஜ் கம்பி போடுதாருன்னு கேக்கணும்னு நெனச்சிருந்தேன் அத்தே. கேக்க முடியல."

அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு மெட்டல் ராக் குழு வைத்திருக்கிறார்கள். டெல்லியின் பிளட்டிவுட் குழு பஞ்சாபி 'டோல்' மேளத்தை மெட்டலுக்குள் கொண்டுவந்து ஜப்பானின் ஃபுஜி ராக் விழா வரைக்கும் போய்விட்டதில் இவனுக்கு ஒரே வேகம். நாமும் மகுடத்தைச் சேர்த்தால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இந்தச் சித்திரைக் கொடைக்கு வந்தபோது அவனைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். பழைய அண்ணாவி இல்லை, அவர் மகன். தவிலுக்கெல்லாம் இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும் வந்து ஸ்பேனரால் முறுக்குகிறார்கள். இவர் கையில் இருந்தது இன்னும் தோல்தான். அண்ணன் மகன் போனை எடுத்து, இதன் சுருதி என்ன என்று செயலியில் பார்க்கப் போனான்.

"தம்பி என்ன வாசிக்கிய?"

"கிடார்ண்ணாச்சி."

"அப்ப காது இருக்கும். போன உள்ள வச்சிட்டுப் போயி வைக்கல் கொண்டாங்க. நனைஞ்சது வேண்டாம், பொகையும்."

அங்கேதான் சிக்கல். எங்கள் வீட்டில் மாடு போய் வருஷங்களாகிவிட்டன, படப்பு ஏது? அறுப்பு மிஷின் வந்த பிறகு வைக்கோலை வயலிலேயே உருளையாகச் சுருட்டி, லாரி ஏற்றிக் கேரளத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சி ரோடு வரைக்கும் அலைந்து, லாரி ஏற்றக் காத்திருந்த ஒருவரிடம் பேரம் பேசி, ஒரு முழு உருளையை வாங்கிப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். உடம்பெல்லாம் தூசி, கழுத்தெல்லாம் அரிப்பு. ஒரு கை அளவு போதும் என்று அண்ணாவி சொல்லவே இல்லையே என்று என்னிடம் கோபித்துக்கொண்டான்.

ஒரு பிடி, ஒரு பிடியாகப் போட்டான். அண்ணாவி மகுடத்தை அவன் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னார். இரண்டு தடவை அதட்டினார். அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்: எந்தத் தோல், எத்தனை நாள் ஊறும், சட்டத்துக்கு என்ன மரம். மந்தக்காரர் வந்து உட்கார்ந்து அடித்ததும் இவன் சட்டென்று, "கொஞ்சம் கீழ இருக்கு" என்றான். அண்ணாவி ஒன்றும் சொல்லாமல் மந்தத்தையும் வாங்கித் தீயில் காட்டினார்.

ராத்திரி சாப்பிடும்போது, உருளை என்ன விலை என்று கேட்டேன். சொன்னான். "மும்பைல கட்டுனதுக்கு இது எவ்வளவோ சல்லிசு அத்தே. மிச்ச வைக்கல என்ன செய்ய?"